இரண்டு சக்கரம் பின்னால்தான்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உட்ரெக்ட்டிலிருந்து நீ அனுப்பிய படங்களை நானும் அம்மாவும் பார்த்தோம். மூன்று சக்கரச் சைக்கிள் வண்டி: இரண்டு சக்கரமும் பெட்டியும் முன்னால், பிள்ளைகள் அதற்குள்ளே, ஓட்டுகிறவர் பின்னால். அழகான டச்சு வண்டி. "அப்பா, இதையே பார்த்துச் செய்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தாய். நான் இரண்டு சக்கரத்தையும் பெட்டியையும் பின்னால் வைத்து, வேறு மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். ஏன் என்பதைப் போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன். நீ கணக்குப் படித்தவள், எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்.

முதலில் சுமை. சமூகத் தோட்டத்துக்கு 25 கிலோ மண் மூட்டைகள், உரம், தண்ணீர்க் கேன் போக வேண்டும். திரும்பும்போது கீரை, வெண்டைக்காய், கறிவேப்பிலை. படியிறங்க முடியாத பெரியவர்களின் வீடுகளுக்கு அம்மாதான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ஆக, 80 கிலோ தாங்க வேண்டும், அம்மாவுக்கும் ஓட்ட வர வேண்டும். உங்கள் ஊர் வண்டியில் உட்காருவது குழந்தைகள், அவர்கள் கண்ணெதிரே இருப்பதுதான் நல்லது. மண் மூட்டைக்கு அது தேவையில்லை.

இரண்டு சக்கரத்தை முன்னால் வைத்தால் திருப்புவது சிக்கலாகிறது. பெட்டியோடு சேர்த்துத் திருப்பலாம். ஆனால் 80 கிலோவையும் கைப்பிடியால் தள்ள வேண்டும், அம்மாவின் தோள்பட்டைக்கு அது ஆகாது. பெட்டியை அசைக்காமல் சக்கரத்தை மட்டும் திருப்பலாம் என்றால் சக்கரங்கள் திரும்பும் அச்சாணியாக இரண்டு கிங்பின், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் கம்பியாக ஒரு டை ராட், எல்லாவற்றிலும் துல்லியமான கோணம். இணைப்பில் கொஞ்சம் ஆட்டம் கொடுத்தாலும் கைப்பிடி உதற ஆரம்பிக்கும். பின்னால் இரண்டு என்றால் முன்பக்கம் சாதாரண சைக்கிள், அவ்வளவுதான். பழைய ட்ரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) மாதிரி பக்கத்தில் பெட்டி மாட்டுவதையும் யோசித்தேன். ஒரு பக்கம் கனம், மறுபக்கம் காலி. அம்மாவுக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன்.

இதற்கு விலை உண்டு. மூன்று சக்கர வண்டி சைக்கிள் மாதிரி வளைவில் சாயாது. கவிழாமல் காப்பாற்றுவது சக்கரங்களின் அகலமும் ஈர்ப்பு மையத்தின் உயரமும்தான். பின்னால் இரண்டு சக்கரம் இருக்கும்போது ஆள் உட்காருவது நடுவில், அதாவது அகலம் குறுகிக்கொண்டே போகும் இடத்தில். அதனால் காலி வண்டிதான் அதிகம் பயப்பட வேண்டியது. என் கணக்கில், 4 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது காலி வண்டியின் உள்பக்கச் சக்கரம் மணிக்கு 11 கிலோமீட்டரிலேயே தூக்கிவிடும். 80 கிலோவைத் தாழ்வாக, அச்சுக்கு நேர் மேலே வைத்தால் 13 தாண்டினால்தான் தூக்கும். சுமை ஏற ஏற வண்டி நிதானமாகிறது. வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் ஓடி, ஒற்றைச் சக்கரத்தின் மேல் விழும். உங்கள் டச்சு வண்டி இந்த இடத்தில் என்னுடையதைவிட நல்லது, ஒத்துக்கொள்கிறேன். நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நடைபாதையில் எப்படியும் 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கியரையும் அதற்கேற்ப இறக்கமாகவே போட்டிருக்கிறேன், பாலத்துச் சரிவில் ஏற அதுதான் உதவும்.

பெட்டியைத் தாழ்த்த 20 அங்குலச் சக்கரம் எடுத்தேன். 26 அங்குலமாக இருந்திருந்தால் லொங்காங் (சாக்கடை) மூடியிலும் கல்லிலும் சுகமாக ஏறி இறங்கும். ஆனால் அச்சு 8 சென்டிமீட்டர் மேலே போய்விடும். சாயாத வண்டியில் திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் ஒரு விசை வளைக்கப் பார்க்கும். சின்னச் சக்கரம், 36 கம்பி என்றால் அதைத் தாங்கும். பெட்டி சக்கரங்களின் மேலே உட்காரவில்லை, நடுவில் இறங்குகிறது. மொத்த அகலம் 70 சென்டிமீட்டர், உள்ளே 50தான் மிச்சம். 60க்கு 40 காய்கறிக் கூடையை நீளவாக்கில் வைத்தால் சரியாக இருக்கிறது.

நிறுத்துவது எங்கே என்று கேட்டிருந்தாய். அடுக்குமாடி வீடுகளின் பொது நடையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. வண்டியைக் குறுக்கே போட்டு அண்டை வீட்டாரோடு மல்லுக்கட்ட முடியாது. அதனால் பின்பக்கச் சட்டத்தைக் கொஞ்சம் நீட்டி, அடியில் இரண்டு ரப்பர்க் கட்டை வைத்திருக்கிறேன். முன்சக்கரத்தைத் தூக்கினால் வண்டி செங்குத்தாக நிற்கும், கைப்பிடியைத் திருப்பினால் லிஃப்டுக்குள்ளும் போகும். பெட்டி முன்னால் இருக்கும் வண்டியில் இந்த வசதி வராது. எனக்கு இதுவே போதுமான காரணம்.

சட்டத்துக்கு இரும்புதான். அலுமினியம் லேசு, ஆனால் பற்றவைத்த இடம் பலமிழக்கும், மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தும் உலை நம்மிடம் இல்லை. நடுச்சட்டத்துக்கு 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் தடிமன். மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. பெட்டிக்கு 1.5 தடிமன் போதும், மீட்டருக்கு 1.1 கிலோதான். துத்தநாகம் பூசிய குழாயை நண்பர் சும்மாவே தருகிறேன் என்றார், வாங்கவில்லை. அதைப் பற்றவைத்தால் வரும் புகை ராத்திரி குளிர்காய்ச்சலாக நிற்கும் என்பது கப்பல் பட்டறையில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். பூச்சில்லாத கறுப்பு இரும்பையே பற்றவைத்து, முனைகளை அடைத்து, கீழே வடிகால் துளை விட்டு, துத்தநாகப் பிரைமர் அடித்தேன். நம் ஊர் ஈரத்துக்கு துளை இல்லாவிட்டால் குழாய் உள்ளேயிருந்து தின்னப்பட்டுவிடும்.

மோட்டார் வைக்கச் சொன்னாயே, அது நடக்காது. இங்கே மின்சைக்கிள் என்றால் 20 கிலோவுக்குள், 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும், பதிவும் வேண்டும், நடைபாதையில் ஏறவும் கூடாது. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தால் இந்த வண்டி அந்த எடைக்குள் அடங்காது. காலே போதும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் வண்டி திரும்பாது, வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் போட்டால் எடையும் செலவும் கூடும். ஆகவே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பெடலின் இழுவை, மற்றது பேரிங்கில் தன்பாட்டுக்குச் சுற்றும். எந்தப் பக்கம்? இடது. நாம் இடது ஓரமாகப் போகிறோம், சாலை அந்தப் பக்கமாகத்தான் சரிகிறது. சரிவுப் பக்கச் சக்கரத்தில் பாரம் கூடும், வழுக்காது. அதோடு, இடது சக்கரம் தள்ளும்போது வண்டி வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். சாலைச் சரிவோ இடப்பக்கம் இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பெட்டி இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது கைப்பிடி விலகவே இல்லை, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மிச்சம் இருப்பது பின்பிரேக். இழுவைத் தண்டில் மட்டும் டிஸ்க் பிரேக் வைத்தால் ஒரு சக்கரம்தான் பிடிக்கும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். அதனால் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி டிஸ்க். இரண்டு கேபிளையும் ஒரே லீவர் சமமாக இழுக்க வேண்டும், சரிவில் நிறுத்தினால் பூட்டிக்கொள்ளவும் வேண்டும். அங்கே பெட்டி வண்டிகளில் அப்படிப்பட்ட லீவர் இருக்கும். கடையில் ஒன்றைக் கையில் எடுத்து அழுத்திப் பார், பூட்டு ஒரு விரலால் விடுபட வேண்டும். அம்மாவின் விரல்களுக்கு வலு குறைவு. கைப்பிடிக் குழாய் 22.2 மில்லிமீட்டர், இடது கைக்கானது. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா. அதற்குள் பெட்டிக்குப் பலகை அடித்துவிடுவேன்.

அம்மா ஆறு கறிவேப்பிலைக் கன்று பதியம் போட்டிருக்கிறாள். குளிருக்குக் காது மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா