அல்சூர்த் தெரு மரங்களைக் காத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் தெருவின் தூங்குமூஞ்சி மரங்களை வெட்டும் ஆணை திரும்பப் பெறப்பட்டது என்ற செய்தி நேற்று மாலை உறுதியானதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. நடந்தவற்றை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கடமைப்பட்டவர்களுக்கு நன்றி சொல்லவே இம்மடல்.

முதல் நன்றி பள்ளிவாசல் மோதினார் அவர்களுக்கு. கால்வாய் தோண்டியதில் வேரறுபட்ட தூங்குமூஞ்சி மரங்கள் இலையுதிர்ந்து நின்றபோது, பட்டுப்போன மரங்கள்தானே என்று அதையே காரணம் காட்டி வெட்டிவிடுவார்களோ என அஞ்சினோம். குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த கோடையில் மரத்துக்காக யாரிடம் நீர் கேட்பது? ஒருவரும் கேட்காமலே, தொழுகைக்கு முன் உளூ செய்யும் (முகம், கை, கால் கழுவும்) நீர் சாக்கடைக்குப் போய்விடாதபடி, வடிகுழாயில் பச்சை ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி, இணைப்பைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டி, சுவரோரமாக மரத்தடிவரை கொண்டுவந்து விட்டிருந்தார் அவர். சோப்பு கலவாத நீர் என்பதால் வேருக்குத் தீங்கில்லை. ஐந்து வேளையும் மண் நனைந்தது. நன்றி சொல்லப் போனபோது, "ஓடும் ஆற்றில் உளூ செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்பது நபிகள் நாயகம் காட்டிய வழி. மரமும் தண்ணீரும் இறைவன் நம்மிடம் விட்டிருக்கும் அமானிதம் அம்மா, நம் சொத்தில்லை" என்றார்.

அந்தப் பதில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. எங்கள் கோயிலில் அரசும் வேம்பும் தெய்வமாகவே நிற்கின்றன. மஞ்சள் கயிறு கட்டி வலம்வருகிறோம், அவற்றின்மேல் கோடரி வைக்க யாருக்கும் கை எழாது. நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சிக்கோ அந்தக் காவல் இல்லை. படைப்பு முழுவதையும் ஒப்படைக்கப்பட்ட பொருளாகக் காணும் நெறியில் இந்த மரம், அந்த மரம் என்ற பாகுபாடு எழுவதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதற்காக, மரத்தைத் தொழும் நெஞ்சின் உறுதியை நான் குறைத்து மதிக்கவில்லை. 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில், மரங்களையும் உயிர்களையும் காப்பதை நெறியாகக் கொண்ட பிஷ்னோய் மக்கள், அமிர்தா தேவி உள்ளிட்ட 363 பேர், வெட்ட வந்தவர்களைத் தடுக்க வன்னி மரங்களைக் கட்டித் தழுவியபடி உயிர்விட்டார்கள். நம் சிவன் கோயில்கள் பலவற்றில் தல விருட்சமாக நிற்கும் அதே வன்னிதான். இந்த வரலாற்றைக் கண்கலங்கச் சொல்லிவிட்டு ஆட்சேப மனுவில் கையெழுத்திட்ட மூலைக் கடைச் சேட்டுக்கும் என் வணக்கம்.

திருத்தந்தை பிரான்சிஸ் இயற்கையைப் பேணுவது பற்றி 2015-இல் விடுத்த சுற்றுமடலை ஞாயிறு மறையுரையில் எடுத்துரைத்து, ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே மனிதன் அங்கே வைக்கப்பட்டான் என்று நினைவூட்டிய பங்குத்தந்தை, 1976-ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கட்டணமின்றி ஆட்சேப மனு எழுதித் தந்த வழக்கறிஞர், வீடு வீடாக ஏறி இறங்கிய பிள்ளைகள், மரத்தடியை விட்டு நகராமல் காவலிருந்த பூக்காரம்மா ஆகிய அனைவருக்கும் கைகூப்புகிறேன். எல்லாரும் ஒரே காரணத்துக்காக வரவில்லை. ஒருவருக்கு அது வழிபாடு, ஒருவருக்குக் கட்டளை, இன்னொருவருக்கு உயிர்க்கொலை அஞ்சுதல். காரணங்கள் பலவாக இருந்ததால்தான் இத்தனை பேர் வந்தார்கள் என்பது என் துணிபு.

வேரறுபட்ட மரங்கள் தேற இன்னும் சில கோடைகள் செல்லும். கோயிலில் கால் கழுவும் நீரை மேற்குப் பக்கத்து மரங்களுக்குத் திருப்பிவிட அறங்காவலர்கள் இசைந்துள்ளனர். குழாய்ச் செலவையும் அதைப் பராமரிக்கும் பொறுப்பையும் நானே ஏற்கிறேன்.

நன்றியுடன்,
கோயில் தெருவாசி ஒருத்தி,
அல்சூர், பெங்களூரு