பெரியாளுக்கு 850, சித்தாளுக்கு 600: எங்கள் ஊர் கட்டடப் பொறியாளர் சங்கத்துக்கும் மேஸ்திரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கப் பொறுப்பாளர்களுக்கும் மேஸ்திரி அண்ணன்மாருக்கும் வணக்கம்.

தை முதல் தேதியிலிருந்து புதுக் கூலி என்று நீங்கள் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்தேன். கொத்தனாருக்கு 1,000 இருந்தது 1,100 ஆகிறது. கலவை போட்டு எடுத்துக் கொடுக்கும் ஆணுக்கு, அதாவது பெரியாளுக்கு, 750 இருந்தது 850. அதே வேலை செய்யும் பெண்ணுக்கு, அதாவது சித்தாளுக்கு, 550 இருந்தது 600. விலைவாசி ஏறிவிட்டதால் உயர்த்துகிறோம் என்று மேலேயே போட்டிருக்கிறீர்கள். ஏறித்தான் இருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் சித்தாளும் அதே கடையில் அதே விலைக்குத்தான் அரிசி வாங்குகிறாள். அவளுக்கு மட்டும் ஏன் 50? முன்பு நாளுக்கு 200 ரூபாயாக இருந்த வித்தியாசத்தை உங்கள் கூலி உயர்வு 250 ஆக்கிவிட்டது.

என் அம்மா 22 வருடமாகச் சித்தாள். அவர் சுமந்த காசில்தான் நான் பாலிடெக்னிக்கில் சிவில் முடித்து, இன்று ஒரு சைட்டில் சூப்பர்வைசராக நிற்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அம்மா வேலை செய்யும் சைட்டுக்கு அந்தத் திங்கட்கிழமைதான் ஒரு பையன் புதிதாக வந்தான், பதினெட்டு வயது இருக்கும், பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் காலேஜ் ஃபீஸுக்காக வந்தவன், நல்ல பையன். சிமெண்ட் வேலை அவனுக்குப் புதிது. ஒரு மூட்டைக்கு எத்தனை சட்டி மணல், தண்ணீர் எப்போது நிறுத்த வேண்டும், கையில் அள்ளிப் பிடித்தால் கலவை எப்படி நிற்க வேண்டும் எல்லாம் அம்மாதான் சொல்லிக் கொடுத்தார். ஆறு நாளும் இரண்டு பேரும் ஒரே கலவையைத்தான் போட்டார்கள், ஒரே சாரத்துக்குத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவன் கையில் 5,100, அம்மா கையில் 3,600. பணத்தை எண்ணிவிட்டு அந்தப் பையன், "அக்கா, உங்களுக்குத் தப்பாக் கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறான். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லையாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். எனக்கும் தெரியவில்லை. அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஆண்கள் மூட்டை தூக்குவார்கள் என்பீர்கள். உண்மைதான், சிமெண்ட் மூட்டை 50 கிலோ. லோடு இறங்கும்போது தூக்குவார்கள், இறக்கி முடித்ததும் அந்த வேலை தீர்ந்தது. செங்கல் ஒன்று கிட்டத்தட்ட 3 கிலோ. பத்துக் கல்லைச் சும்மாட்டில் அடுக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்குச் சாரத்துப் பலகையில் ஏறி இறங்குவது காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் சாயங்காலம் வரை ஓயாது. அம்மாவின் உச்சந்தலையில் சும்மாடு வைக்கிற இடத்தில் முடி முளைத்துப் பல வருடம் ஆகிறது. கோயிலுக்குப் போகும்போதுகூட முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டுதான் போவார். எடைதான் கூலிக்குக் கணக்கு என்றால் சாயங்காலம் வரைக்கும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள், நாங்கள் ஒத்துக்கொள்கிறோம்.

தொழில் தெரிந்தவனுக்குக் கூலி அதிகம் என்பது இன்னொரு பதில். இதை நான் மதிக்கிறேன். கொத்தனாருக்கு 1,100 கொடுப்பது நியாயம், தூக்குக்குண்டு பிடித்து ஒரு சுவரை நேராக ஏற்றுவது லேசான வேலை இல்லை. ஆனால் அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள யாரை விடுகிறீர்கள்? பெரியாளாக வருகிற பையன் இரண்டு மூன்று வருடத்தில் கரண்டி பிடிக்கிறான், அப்புறம் கொத்தனார், கொஞ்சம் சாமர்த்தியம் இருந்தால் மேஸ்திரி. உங்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தானே. 22 வருடத்தில் என் அம்மா கையில் ஒருவரும் கரண்டியைக் கொடுத்ததில்லை. ஒரு முறை கொத்தனார் வராத நாளில் பாத்ரூம் சுவரின் பூச்சை அவரே முடித்து, மணியாஸ் கட்டை போட்டுத் தேய்த்தும் வைத்தார். மறுநாள் வந்த இன்ஜினியர் பூச்சு நன்றாக இருக்கிறது என்று கொத்தனாரைப் பாராட்டிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அன்றைக்கும் சித்தாள் கூலிதான். படிக்க விடாமல் வைத்துவிட்டு, படிப்பு இல்லை என்று கூலியைக் குறைப்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

பெயரையே பாருங்கள். ஒரே வேலை செய்யும் இரண்டு பேரில் ஆண் பெரியாள், பெண் சித்தாள்.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒரே வேலைக்கோ ஒரே மாதிரியான வேலைக்கோ ஆண், பெண் என்று பார்த்துக் கூலியைக் குறைக்கக் கூடாது என்று 1976 சம ஊதியச் சட்டம் சொன்னது. சமன் செய்கிறேன் என்று ஆண் கூலியைக் குறைக்கக் கூடாது என்றும் அதிலேயே இருந்தது, அதனால் பெரியாள் அண்ணன்கள் பயப்பட வேண்டியதில்லை. பயிற்சியிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது என்று 1987 திருத்தத்தில் சேர்த்தார்கள். அதே வருடம் ஒரு பெண் ஸ்டெனோகிராபர் வழக்கில், கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை என்பது காரணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சட்டம் இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பில் கலந்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், 2005இல் வந்த 100 நாள் வேலையில் இதே பெண்கள்தான் கண்மாயில் மண் சுமந்தார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலிதான். ஊர் ஒன்றும் முழுகிவிடவில்லை.

கூட்டிக் கேட்டால் வடக்கே இருந்து ஆள் இறக்கிவிடுவோம் என்று சில மேஸ்திரிகள் பேசுவது காதில் விழுகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் அந்தப் பிள்ளைகளுக்கும் உள்ளூர் ஆளைவிடக் குறைத்துத்தானே கொடுக்கிறீர்கள்? அவர்கள் சைட்டிலேயே தகரக் கொட்டகையில் கிடக்கிறார்கள், கேட்க ஆள் இல்லை. யாரால் கேட்க முடியாதோ அவர்களுக்குக் குறைவு, இதைத் தவிர வேறு கணக்கு எதையும் நான் எந்த சைட்டிலும் பார்க்கவில்லை. கக்கூஸ் இல்லாத சைட்டில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் பெண்களைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நோட்டீஸில் பெரியாள், சித்தாள் என்ற இரண்டு வரியையும் அழித்துவிட்டு உதவியாள் என்று ஒரே வரி எழுதுங்கள், அதற்கு நேராக 850 போடுங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி. அப்புறம், விருப்பப்படும் பெண்களுக்குப் பூச்சு வேலையிலாவது கரண்டி பிடிக்க இடம் கொடுங்கள், பிடித்தால் கொத்தனார் கூலியும் கொடுங்கள்.

சங்கத்தின் மாதக் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை என்று தெரியும். தயவுசெய்து அன்றைக்கு இதை எடுத்துப் பேசுங்கள். நாலு சித்தாள்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். ஞாயிறு லீவுதான், நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

பெயரைப் போட வேண்டாம், வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் போடவில்லை.

இப்படிக்கு,
ஒரு சித்தாளின் மகள்