அடிப்படை வருமானம்: எந்தத் திட்டத்தைப் பேசுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலை, வருமானம் எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் அரசு தவறாமல் பணம் தரும் ‘அனைவருக்கும் அடிப்படை வருமானம்’ என்ற திட்டம் பற்றி உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளையும் வாசகர் பதில்களையும் ஒன்று விடாமல் படிக்கிறேன். பின்லாந்தில் தோற்றுப்போனது என்கிறார் ஒருவர். இல்லை, ஜெயித்தது என்கிறார் இன்னொருவர். அங்கே 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகள், வேலையில்லாத 2,000 பேருக்கு மட்டும் மாதம் 560 யூரோ கொடுத்தார்கள். வேலை கிடைத்த பிறகும் நிறுத்தவில்லை. வாங்கியவர்களின் மனக்கவலை குறைந்திருந்தது. வேலை பார்த்த நாட்கள் கொஞ்சம்தான் கூடின. ஆனால் அது அனைவருக்குமான திட்டமே இல்லையே! அமெரிக்க மாநிலமான அலாஸ்கா நேர் எதிர். எண்ணெய் வருவாயில் உருவான நிதியிலிருந்து 1982 முதல் அங்கே வசிப்பவர்களுக்கு, குழந்தைகள் உட்பட, ஆண்டுக்கு ஒரு முறை பணம் வருகிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பிழைக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டுச் சண்டை போடுகிறோம்.

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் உண்டு. உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தேன். கணவரை இழந்த ஓர் அம்மாவின் விண்ணப்பம், மகனின் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதால் தள்ளுபடியானது. மகன் வீட்டை விட்டுப் போய் வருடக்கணக்காகிவிட்டது. காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தபடி, “அவன் எனக்குக் காசு தரலைன்னு யார்கிட்ட எழுதி வாங்கணும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எல்லோருக்கும் என்று ஆகிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது. அதனால் நான் இந்தத் திட்டத்தின் பக்கம்தான்.

சரி, பணம் எங்கிருந்து வரும்? முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனியாகத் தரும் உதவிகளை நிறுத்தி, அதையே எல்லோருக்கும் பங்கிட்டால் அந்த அம்மாவைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது குறைந்துதான் போகும். எதிர்ப்பவர்கள் இதைக் கேட்கும்போது, ஏழைகளின் எதிரி என்று பட்டம் கட்டுவது நியாயமில்லை. சுவிட்சர்லாந்தில் 2016இல் பொதுவாக்கெடுப்பே நடத்தினார்கள். முன்மொழிவில் தொகை எவ்வளவு என்று எழுதவில்லை. சுமார் 77 சதவீதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். இனி இதைப் பற்றி எழுதுபவர்கள் ஆதரித்தாலும் எதிர்த்தாலும், எவ்வளவு, யாருக்கு, எந்த உதவியை நிறுத்திவிட்டு என்பதை முதல் பத்தியிலேயே சொல்லச் சொல்லுங்கள். வாசகர் கடிதங்களுக்கும் இதையே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்