ஜாக்கெட்டைப் பிரித்துவிடுபவள் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் முகூர்த்தச் சிறப்புப் பகுதியில் திரவ உணவு பற்றிய கட்டுரை இப்படி முடிகிறது: 'பத்தே நாளில் 7 கிலோ! ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்க உங்கள் தையல்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.'

சொல்லிவிட்டார்கள். இதழ் வந்த வாரத்திலேயே இரண்டு பேர். "அக்கா, இப்ப அளவு எடுக்காதீங்க. ஜூஸ் டயட்ல இருக்கேன், பத்து நாள் கழிச்சு வரேன்." கும்பகோணத்தில் 31 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஆரி எம்பிராய்டரி வேலைக்கு முதலில் அளவு வேண்டும். அளவு போட்டுத் துணியில் வரைந்த பிறகுதான் ஊசியே இறங்கும். முடித்த ஜாக்கெட்டை இரண்டு இன்ச் பிடித்தால், ஆறாயிரம் ரூபாய் கொடுத்துப் போட்ட மயிலின் கழுத்து அக்குளுக்குள் போய்விடும். இதெல்லாம் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பிடித்துத் தைப்பதைப் பற்றி எழுதினீர்கள். பிரித்துவிடுவதைப் பற்றி ஒரு வரி உண்டா? தலை தீபாவளிக்கு வரும்போது அதே ஜாக்கெட்டும் கூடவே வருகிறது, கொக்கி எட்டாமல். அதனால்தான் ஜூஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே உள்ளே ஒன்றரை இன்ச் துணி விட்டு வெட்டுகிறேன். யாரிடமும் சொல்வதில்லை. கல்யாணப் பெண்ணிடம் போய் "திரும்பிக் குண்டாவாய்" என்று சொல்ல முடியுமா?

இந்த 7 கிலோவுக்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும் என்று நர்ஸாக இருக்கும் என் மருமகள் சொன்னாள். பெண்ணின் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பது சுமார் 2,000. பத்து நாள் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் 3 கிலோ கொழுப்புகூடத் தேறவில்லை! மீதி எங்கிருந்து போனது? உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் 3 கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். அது தீர்ந்ததும் தண்ணீர் வெளியே போகிறது, கூடவே கொஞ்சம் சதையும். தராசு இறங்குகிறது. மறுவீட்டு விருந்தில் இரண்டு நாள் சாப்பிட்டால் போன தண்ணீர் திரும்பி வந்துவிடும்.

என் அண்ணன் மகள் கதையையும் கேளுங்கள். போன வருடம் ஆவணி முகூர்த்தம். மூன்று வாரம் ஆப்பிள், பீட்ரூட், கேரட் போட்ட ஏபிசி ஜூஸும் டப்பா பவுடரும்தான் ஆகாரம். "அத்தை, இன்னும் அரை இன்ச் பிடிச்சுவிடுங்க" என்று மூன்று முறை வந்தாள். போட்டோ அழகாகத்தான் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கார்த்திகையில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. "தண்ணி மாறினது ஒத்துக்கலை" என்று எங்கள் அண்ணி ஊரெல்லாம் சொல்ல, அது சம்பந்தி வீட்டு போர்வெல் தண்ணீரைப் பழித்ததாக ஆகி, பொங்கல் சீர் கொண்டுபோன அன்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. தோல் டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். எடை சடாரென்று இறங்கினால் முடி உடனே கொட்டாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். ஒழுங்காகச் சாப்பிட்டால் திரும்ப வளரும். முடி வளர்ந்துகொண்டிருக்கிறது. சம்பந்திகள் இன்னும் சரியாகப் பேசவில்லை.

இன்னொன்று. சர்க்கரை நோயாளிகளுக்கும் திரவ உணவு நல்லது என்று, 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வைக் காட்டியிருக்கிறீர்கள். ஆய்வு உண்மைதான். தினம் சுமார் 850 கலோரி திரவ உணவில் மூன்று முதல் ஐந்து மாதம் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஒரு வருட முடிவில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ஆனால் முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் ஆய்வை நடத்தியவர்களே நிறுத்திவிட்டார்கள். மருத்துவக் கண்காணிப்பில்தான் எல்லாம் நடந்தது. திட உணவுக்குத் திரும்பியதும் படிப்படியாகத்தான். மாத்திரையை நிறுத்திய அந்த வரியை மட்டும் உங்கள் கட்டுரையில் காணோம். இடம் இல்லையோ? பக்கத்திலேயே முக்கால் பக்கத்துக்கு ஷேக் பவுடர் விளம்பரம் இருந்தது, அதற்கு இடம் இருந்தது.

என் வீட்டுக்காரர் படித்தார். காலையில் வெள்ளைப் பூசணிச் சாறு, மதியம் நீர்மோர், ராத்திரி சுரைக்காய்ச் சாறு. சர்க்கரை மாத்திரை மட்டும் வழக்கம்போல. நாலாம் நாள் விடிகாலை மூன்று மணிக்கு வேட்டி நனையும் அளவுக்கு வியர்த்து, நாக்குக் குழறி, என்னைத் தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மருமகள் விரலில் குத்திப் பார்த்தாள், சர்க்கரை 52-க்கு இறங்கியிருந்தது. சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டியதும் எழுந்து உட்கார்ந்தார். சாப்பாடு இறங்காவிட்டாலும் சில மாத்திரைகள் சர்க்கரையை இறக்கிக்கொண்டேதான் இருக்குமாம். அன்றைக்கு மருமகளுக்கு நைட் ட்யூட்டி இல்லை என்பது எங்கள் புண்ணியம்.

கோபத்தோடு கோபமாக இதையும் சொல்லிவிடுகிறேன். 22 வருடச் சந்தாதாரர் நான். எடையைக் குறைக்கச் சொன்ன அதே இதழின் இலவச இணைப்பு '30 வகை அல்வா'. கட்டுரையில் அரிசிக் கஞ்சியை ஒதுக்கச் சொல்லி, பாதாம் பாலைச் சேர்க்கச் சொல்கிறீர்கள். கஞ்சியும் திரவம்தானே ஐயா, நாலணாச் செலவில் கிடைப்பதால் டயட் ஆகாதோ? போன வருடம் நோயாளிகளுக்கான கேள்வி-பதில் பகுதியை எடுத்துவிட்டீர்களே என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். 'அட்டைப்படம் அருமை' என்ற ஒரு வரியை மட்டும் என் பெயரோடு போட்டீர்கள். நன்றி.

நான் கேட்பது ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதை ஆரம்பிக்கக் கூடாது என்று அடுத்த இதழில் நாலு வரி போடுங்கள். முடிந்தால் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
கும்பகோணம்.

பி.கு.: இடமில்லாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால், இந்த முறை அட்டைப்படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.