கேஸ் ஷீட் நகல் கேட்டால் ஏன் முகம் மாறுகிறது?

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் தனியார் மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

கேஸ் ஷீட் கேட்கிறவர் எல்லாம் கோர்ட்டுக்குப் போகிறவர் இல்லை. வேறு டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும், இல்லை இன்சூரன்ஸில் கேட்டிருப்பார்கள். என் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த இடத்தில் ஒரு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியோடு சரி. ஆபரேஷன் குறிப்பும் மயக்க மருந்துக் குறிப்பும் கேட்டதற்கு, "அதெல்லாம் ஆஸ்பத்திரி சொத்து, எதுக்குக் கேக்குறீங்க?" என்று பில் கவுண்டரிலேயே முடித்துவிட்டார்கள்.

காகிதமும் ஃபைலும் உங்களுடையது, சரி. எழுதியிருப்பது அம்மா உடம்பைப் பற்றியல்லவா? மின்னணு மருத்துவப் பதிவுகளுக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் வெளியிட்ட தரநிலைகளே, பதிவை நோயாளியின் சார்பில்தான் நீங்கள் வைத்திருக்கிறீர்கள், தகவல் அவருக்கே சொந்தம் என்கின்றன. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அது டாக்டர்களுக்கான விதி, நிர்வாகத்துக்கு இல்லை என்பீர்கள். கேஸ் ஷீட் எழுதுவது டாக்டர்தானே?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, ஃபைலை எத்தனை காலம் வைத்திருக்கிறீர்கள் என்பது. அதே விதிகள் உள்நோயாளிக்குச் சொல்வது 3 வருடம், அதுவும் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து. ஆம்பூரிலிருந்து ஒரு கைக்குழந்தையை இருதய ஆபரேஷனுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள், அது ஒன்றாம் வகுப்பு சேருவதற்குள் ஃபைல் போய்விடலாம். இருபது வயதில் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வந்தால் முதல் தடவை என்ன வைத்துத் தைத்தார்கள் என்று அந்த டாக்டர் யாரைக் கேட்பார்? மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வைத்தியம் பார்த்துவிட்டுக் காட்பாடியில் ரயில் ஏறுகிறவரிடம் "அப்புறம் வந்து வாங்கிக்கோங்க" என்பதும் ஒரு பதிலா?

டிஸ்சார்ஜ் அன்றே முழு நகலைக் கொடுங்கள், ஜெராக்ஸ் காசு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளின் ஃபைலை அவர்கள் பெரியவர்களாகும் வரையாவது வையுங்கள். எதை அழிப்பதானாலும் முன்னதாக ஒரு எஸ்.எம்.எஸ். போடுங்கள், மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஆஃபருக்கு அனுப்பத் தெரிகிறதே. தர முடியாது என்றால் அதையும் காரணத்தோடு எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுங்கள்.