மொனாக்கோ வெற்றிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

2024 மே 26 அன்று ஃபெராரி அணியின் சார்லஸ் லெக்லெர்க் தன் சொந்த ஊரான மொனாக்கோவில் ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் ஜெயித்தார். 1931-இல் லூயி ஷிரோனுக்குப் பிறகு மொனாக்கோ மண்ணின் மைந்தர் ஒருவர் அங்கே வென்றது அன்றுதான். அவருக்கு வாழ்த்துச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த மடல் மற்றவர்களுக்கு.

முதலில் பந்தயச் சாலையைப் பார்த்துக்கொள்ளும் மார்ஷல்களே, உங்களுக்கு. பந்தயம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் வளைவு தாண்டிய மேட்டில் மேக்னஸன் கார் பெரெஸின் காரில் உரச, பெரெஸ் தடுப்பில் மோதி, ஹல்கென்பெர்க்கும் அதில் மாட்டிக்கொண்டார். சாலை முழுக்கக் கார் துண்டுகள். சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். அரை மணி நேரத்துக்கும் மேல் எல்லோரும் காத்திருக்க, நீங்கள் நொறுங்கிய கார்களைக் கிரேனில் தூக்கி, தடுப்பைச் சரிசெய்து, சாலையைக் கூட்டிச் சுத்தம் செய்தீர்கள். தொலைக்காட்சியோ அந்த நேரத்தில் ஓட்டுநர்களின் முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர்கள் மூவரும் காயமின்றித் தப்பியதுதான் அன்றைய முதல் நல்ல செய்தி.

அடுத்து ஃபெராரி மெக்கானிக்குகள். சிவப்புக் கொடியால் பந்தயம் நின்றிருந்தபோது நீங்கள் மாட்டிவிட்ட, நீண்ட நேரம் தாங்கும் ஹார்ட் டயரிலேயே லெக்லெர்க் கடைசிவரை ஓட்டிவிட்டார். உங்களுக்கு நன்றி சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. இதே மொனாக்கோவில் 2021-இல் முதலிடத்திலிருந்து கிளம்ப வேண்டியவர், கார் பழுதால் பந்தயத்தையே தொடங்கவில்லை. 2022-இல் மழையில் டயர் மாற்றும் கணக்கு தவறி நான்காமிடம். இந்த முறை எதுவும் உடையவில்லை, எந்தக் கணக்கும் பிசகவில்லை.

அப்புறம் பந்தயத்தின்போது லெக்லெர்க்கோடு கார் வானொலியில் பேசிய இன்ஜினீயர் பிரையன் போஸி. அந்த வேலைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. முன்னால் ஓடுபவரை வேகத்தைக் குறைக்கச் சொல்வது கேட்க விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் நான்காவதாக வந்த நோரிஸுக்கும் அவருக்குப் பின்னால் வந்த ரஸ்ஸலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், நோரிஸ் இடத்தை இழக்காமல் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் போய்ப் புது டயரோடு வந்துவிடுவார். அதைத் தடுக்கத்தான் அந்த ஆமை வேகம். பார்க்கச் சலிப்பாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். முதல் பத்து பேரும் கிளம்பிய வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள்! ஆனாலும் அன்று அந்தச் சலிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஃபெராரியின் இன்னொரு ஓட்டுநரான கார்லோஸ் சைன்ஸ், உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அடுத்த ஆண்டு உங்கள் இருக்கை ஹாமில்டனுக்கு என்று பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். முதல் சுற்றில் டயரும் பஞ்சரானது. பழைய வரிசையிலேயே மறுபடி தொடங்கியதால் மூன்றாமிடம் திரும்பக் கிடைத்தது. அங்கிருந்து நோரிஸைக் கடைசிவரை பின்னாலேயே வைத்திருந்தீர்கள். மனக்கசப்பு இருந்திருக்கலாம், ஓட்டத்தில் தெரியவில்லை.

மொனாக்கோ வாசிகளுக்கும் நன்றி. வீட்டு வாசலில் தடுப்புகளைப் போட்டு, தெருவை மூடி, காது கிழியும் சத்தத்தையும் சகித்துக்கொள்வது எளிதல்ல. வெளியூர் ரசிகர்களான நாங்கள் டிவியின் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம், உங்களுக்கு அந்த வசதி இல்லை.

இப்போது நம்மோடு இல்லாத எர்வே லெக்லெர்க்குக்கும் நன்றி. ஃபார்முலா 3 ஓட்டுநராக இருந்த தந்தை, 2017-இல் மறைந்தார். மகன் இங்கே ஜெயிக்க வேண்டும் என்பது இருவரின் கனவும்கூட. கடைசிச் சுற்றுகளில் அப்பா நினைவு வந்து, சுரங்கப்பாதையைவிட்டு வெளியே வரும்போது கண்ணீரால் பாதையே சரியாகத் தெரியவில்லை என்று சார்லஸ் பிறகு சொன்னார். சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே சாண் இடம்கூட இல்லாத ஊரில், இதைக் கேட்டபோது எனக்குப் பதறியது.

கடைசியாக அணித் தலைவர் ஃப்ரெட் வஸ்ஸர். வெற்றிக்குப் பிறகு சார்லஸோடு நீங்களும் துறைமுகத் தண்ணீரில் நனைந்தீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி.

அன்புடன்,
ஒரு ரசிகன்