தவறினால் முதலில் நாமே சொல்ல வேண்டும்: வியூகப் படைத் தளபதிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தளபதி அவர்களுக்கு,

வணக்கம். 2022 மார்ச் 9-ஆம் தேதி மாலை என்ன நடந்தது என்று, நாட்டின் அணு ஆயுதங்களைக் கையாளும் வியூகப் படைக் கட்டளையகத்தின் பொறுப்பில் இருக்கும் உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. யாரும் உத்தரவிடாமல் ஒரு பிரம்மோஸ் ஏவுகணை நம் மண்ணிலிருந்து கிளம்பியது. பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் பறந்து மியான் சன்னு அருகே விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. 11-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் வருத்தம் தெரிவித்தது. ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அத்தோடு கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

அது உங்கள் கட்டளையகத்தின் ஏவுகணை அல்ல, விமானப்படையுடையது. அதில் அணுகுண்டும் இல்லை. இது எனக்கும் தெரியும். இருந்தும் இந்த மடலை உங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம் என் அண்ணன்.

அண்ணன் விமானப்படையில் ராடார் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 2001 டிசம்பரிலிருந்து பத்து மாதம் இரண்டு நாட்டுப் படைகளும் எல்லையில் எதிரெதிரே நின்றபோது மேற்கு எல்லைப் பக்கம் வேலை பார்த்தார். வேலையைப் பற்றி வீட்டில் பேச மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம். 2022 மார்ச் 11 இரவு அமைச்சகத்தின் அறிக்கை தொலைக்காட்சியில் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பக்கம் ஸ்கோப் முன்னாடி உக்காந்திருந்தவன் யாரோ, பாவம்" என்றார். ராடார் திரையைத்தான் ஸ்கோப் என்பார்.

எதிரி நாட்டுக்காரனைப் பார்த்து என்ன பாவம் என்று கேட்டேன். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "ஸ்கோப்புல புள்ளிதான் தெரியும் தம்பி. வேகம் தெரியும், உயரம் தெரியும், போற திசை தெரியும். மூக்குக்குள்ள என்ன வச்சிருக்குன்னு தெரியாது. அது தெரியாமயே மேல சொல்லணும்."

மறுநாளிலிருந்து அந்த மாலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பாகிஸ்தான் ராணுவத்தின் செய்தித் தொடர்பாளர் சொன்னபடி, மாலை 6.43-க்கு அவர்களின் வான் பாதுகாப்பு மையம் இந்திய எல்லைக்குள் வேகமாகப் போகும் ஒரு பொருளைப் பார்த்தது. அது போய்க்கொண்டிருந்த திசையிலிருந்து திடீரென்று அவர்கள் பக்கம் திரும்பியது. 6.50-க்கு விழுந்தது. மொத்தம் ஏழு நிமிடம். பறந்த உயரம் 40,000 அடி. பயணிகள் விமானங்கள் போகும் உயரம் அது. அந்த நேரத்தில் அந்த வானத்தில் விமானங்கள் இருந்தன.

அந்த ஏழு நிமிடத்தில் ஸ்கோப் முன்னால் இருந்தவர் என்ன செய்திருப்பார்? திசை மாறியதும் முதுகு நிமிர்ந்திருக்கும். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டிருப்பார். மேலதிகாரிக்குச் சொல்லியிருப்பார், அவர் அவருக்கு மேலே இருப்பவருக்குச் சொல்லியிருப்பார். ஒவ்வொருவரும் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி, "ஒன்றுதானா, பின்னால் வேறு வருகிறதா?" என்பதுதான். அந்த ஒரு புள்ளிக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு பறவைக் கூட்டமோ ஏதாவது ஒரு மின்கோளாறோ திரையில் தெரிந்திருந்தால் என்ன பதில் போயிருக்கும்? அண்ணனிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அவர்களுக்கு அப்போது நம்மிடமிருந்து வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: "இது தவறிப் போனது, தாக்குதல் அல்ல." அந்த வாக்கியம் பொதுவெளிக்கு வர இரண்டு நாள் ஆனது. அதுவும் அவர்கள் 10-ஆம் தேதி செய்தியாளர்களைக் கூட்டி விளக்கம் கேட்ட பிறகுதான். 15-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் படித்த அறிக்கையிலும் உடனே தகவல் கொடுத்ததாக ஒரு வரி இல்லை.

தளபதி அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். நம் பக்கத்திலிருந்து எந்த ஏவுகணை தவறிக் கிளம்பினாலும், அது அணு ஆயுதம் சுமக்கிறதோ இல்லையோ, யாருடைய பொறுப்பில் இருந்ததோ, சில நிமிடங்களுக்குள் எதிர்த்தரப்பின் அணு ஆயுதக் கட்டளை மையத்துக்கு நம் வாயாலேயே தகவல் போக வேண்டும். அதற்கு ஒரு நேரடித் தொடர்பும், அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாய விதியும் வேண்டும்.

இதை உங்களிடம் கேட்பதற்குக் காரணம் உங்கள் கட்டளையகத்தின் வேலை அப்படிப்பட்டது. 2003 ஜனவரி 4-ஆம் தேதி அரசு அணு ஆயுதக் கொள்கையை அறிவித்தபோது இரண்டு உறுதிகளைக் கொடுத்தது. நாம் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது ஒன்று. பிரதமர் தலைமையிலான அரசியல் குழு உத்தரவிட்டால் மட்டுமே திருப்பித் தாக்குவோம், தாக்கினால் தாங்க முடியாத சேதம் ஏற்படும்படி தாக்குவோம் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் காப்பாற்றும் கைகள் உங்களுடையவை. உத்தரவு வந்தால் கட்டாயம் நடக்கும், வராவிட்டால் எந்தக் காலத்திலும் நடக்காது என்று எதிரி நம்பினால்தான் அணு ஆயுதத்தால் போரைத் தடுக்க முடியும். முதல் பாதியை நிரூபிக்க ஏவுகணைச் சோதனைகள் இருக்கின்றன. இரண்டாவது பாதிக்கு என்ன நிரூபணம் வைத்திருக்கிறோம்? 2022 மார்ச் 9 அன்று உத்தரவில்லாமல் ஒன்று கிளம்பியது. அதைச் சுமந்த வண்டி யாருடையது என்ற நிர்வாகப் பிரிவினை நமக்குத்தான் தெரியும், திரையில் தெரியாது.

ஏற்கெனவே ஒப்பந்தங்கள் இருக்கின்றனவே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கின்றன, நானும் படித்தேன். 2005 அக்டோபரில் போட்ட ஒப்பந்தப்படி பாலிஸ்டிக் ஏவுகணை, அதாவது வில்போல மேலே போய் இறங்கும் ஏவுகணையின் சோதனைக்கு மூன்று நாள் முன்பே ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். பிரம்மோஸ் விமானம்போலப் பறக்கும் க்ரூஸ் ஏவுகணை, அதனால் அந்த ஒப்பந்தத்தில் வராது. 2007 பிப்ரவரியில் போட்ட ஒப்பந்தம் அணு ஆயுத விபத்து நடந்தால் உடனே தெரிவிக்கச் சொல்கிறது. பிரம்மோஸில் அணுகுண்டு இல்லை, அதனால் அதிலும் வராது. இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகத்தான் அந்த ஏவுகணை போனது. சந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்து இத்தனை வருடம் ஆகிவிட்டது. அதை அடைத்துவிட்டோம் என்று இதுவரை மக்களுக்குச் சொல்லப்படவில்லை.

இவர்களோடு பேசிப் பயனில்லை என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. 1988-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி இரண்டு நாடுகளும் 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் தங்கள் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போர் நடந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலும் அது நிற்கவில்லை. 2025 மே 10-ஆம் தேதி, நான்கு நாள் சண்டைக்கு நடுவில், பிற்பகல் 3.35-க்கு அவர்களின் ராணுவ நடவடிக்கைகள் தலைமை இயக்குநர் நம்மவரை ஹாட்லைனில் கூப்பிட்டார். மாலை 5 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்வதாக முடிவானது. மீறல் புகார்கள் வந்தன, சரி. ஆனால் சண்டையை நிறுத்தியது அந்தத் தொலைபேசிதான்.

அந்த நான்கு நாட்களும் எங்கள் வீட்டில் அண்ணன் சரியாகத் தூங்கவில்லை. 7-ஆம் தேதி கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் பாதுகாப்பு ஒத்திகை நடந்த செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "2022-ல ஆனது இப்ப ஆகியிருந்தா?" என்று மட்டும் கேட்டார். 2022 மார்ச்சில் எல்லை அமைதியாக இருந்தது. முந்தைய வருடம் பிப்ரவரியில்தான் போர்நிறுத்தத்தைப் புதுப்பித்திருந்தார்கள். அதனால் அந்தப் பக்கம் பொறுமையாக இருக்க முடிந்தது. அதே தவறு 2025 மே 9 இரவு நடந்திருந்தால் பொறுமைக்கு என்ன ஆதாரம் இருந்திருக்கும்?

முன்கூட்டிச் சொல்வதுகூடச் சில சமயம் போதாது. 1995 ஜனவரி 25 அன்று நார்வே விஞ்ஞானிகள் வடதுருவ வானில் தெரியும் துருவ ஒளியை ஆராய ஒரு ராக்கெட் விட்டார்கள். ரஷ்யாவுக்கு முன்பே தகவல் கொடுத்திருந்தார்கள். அந்தத் தகவல் ராடார் முன்னால் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ரஷ்ய அதிபர் எல்ட்சினிடம் இருந்த, அணு ஆயுத உத்தரவு கொடுக்கும் பெட்டி திறக்கப்படும் அளவுக்குப் போனது. அதனால்தான் வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று சுற்றிப் போகும் வழி இதற்கு உதவாது என்கிறேன். உங்கள் கட்டளையகத்திலிருந்து பாகிஸ்தானின் அணு ஆயுதங்களைக் கவனிக்கும் வியூகத் திட்டப் பிரிவுக்கு நேராகப் போக வேண்டும். அங்கிருந்து ஸ்கோப் முன்னால் இருப்பவர் காதுக்குப் போக வேண்டும்.

நேரம் வேறு குறைந்துகொண்டே வருகிறது. குண்டு தனி, ஏவுகணை தனி என்று வைத்திருந்த காலத்தில் தவறு நடக்க வாய்ப்பும் குறைவு, திருத்த அவகாசமும் அதிகம். இப்போது அக்னி-5 மூடிய குழாய்க்குள் தயாராக நிற்கிறது. 2024 மார்ச்சில் ஒரே ஏவுகணையில் பல குண்டுமுனைகளை அனுப்பும் சோதனையும் முடிந்துவிட்டது. அரிஹந்த், அரிகாத் என்று அணு ஏவுகணை சுமக்கும் நீர்மூழ்கிகள் வந்துவிட்டன. 2025 செப்டம்பரில் அக்னி-பிரைமை ரயிலிலிருந்தே ஏவினார்கள். இவை எதையும் நான் குறை சொல்லவில்லை. நாட்டுக்கு இது தேவை என்று நம்புகிறவன் நான். ஆனால் தயார்நிலை இவ்வளவு வேகமாக வளரும்போது, தவறினால் சொல்லும் ஏற்பாடு மட்டும் ஏன் 2007-லேயே நிற்கிறது?

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2007 ஆகஸ்டில் அமெரிக்க விமானப்படை, அணுகுண்டு பொருத்திய ஆறு க்ரூஸ் ஏவுகணைகளைத் தெரியாமலேயே மைனாட் தளத்திலிருந்து பார்க்ஸ்டேல் தளத்துக்கு விமானத்தில் கொண்டுபோனது. அடுத்த வருடம் அந்தப் படையின் செயலரும் தளபதியும் பதவி இழந்தார்கள். ஆய்வுக் குழுவின் அறிக்கை வெளியானது. அணு ஆயுதப் பொறுப்பைக் கவனிக்கத் தனிக் கட்டளையகமே உருவானது. இங்கே மூன்று அதிகாரிகளோடு எல்லாம் முடிந்தது. விசாரணை அறிக்கையில் ரகசியமில்லாத ஒரு பக்கம்கூட மக்கள் கைக்கு வரவில்லை. வரி கட்டுகிறோம், பிள்ளைகளைப் படைக்கு அனுப்புகிறோம், ஒத்திகை என்றால் விளக்கை அணைக்கிறோம். அண்ணனைப் போன்றவர்கள் ஓய்வு பெற்றபிறகும் வாய் திறப்பதில்லை. இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கும் மக்களிடம் "இதிலிருந்து இதைக் கற்றுக்கொண்டோம்" என்று சொல்வதில் எந்த ரகசியம் கசிந்துவிடும்?

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது உங்கள் வேலை அல்ல, அரசின் வேலை. ஆனால் அணு ஆயுத முடிவுகளை எடுக்கும் அணுசக்திக் கட்டளை ஆணையத்தின் கூட்டத்தில் இதைக் கேட்க உங்களுக்கு இருக்கும் தகுதி வேறு யாருக்கும் இல்லை. எதிர்த்தரப்பு சம்மதிக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். தவறினால் நாங்கள் உடனே சொல்வோம் என்று நாம் ஒருதலையாகவே அறிவிக்கலாம். முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று 2003-இல் யாருடைய சம்மதத்தையும் கேட்காமல்தானே அறிவித்தோம்?

தயவுசெய்து அந்தத் தொடர்பை ஏற்படுத்துங்கள். க்ரூஸ் ஏவுகணைகளையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்பாடு முடிந்ததும் முடிந்தது என்று ஒரு வரி அறிக்கை கொடுங்கள். அண்ணனிடம் படித்துக் காட்டுகிறேன்.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற ராடார் பணியாளர் ஒருவரின் தம்பி